மாற்று வரலாற்று நாவல்களும் திரையும்: மலையக நோக்கில் ஒரு குறிப்பு

நிகழ்ந்த வரலாற்றின் ஒரு திருப்பத்தை மாற்றி, அதன்பின் உலகம் எவ்வாறு அமைந்திருக்கும் எனக் கற்பனை செய்வது மாற்று வரலாற்று நாவலாகும். இவ்வகை நாவல்கள் திரைவடிவம் பெறுகையில் நேர்ந்த இரு மாற்றங்களை ஈண்டு எடுத்துக்கொண்டு, அவை மலையகத்தார்க்கு உணர்த்துவது யாதென நோக்குவோம்.

பிலிப் கே. டிக் 1962இல் எழுதிய 'த மேன் இன் த ஹை காசில்', இரண்டாம் உலகப் போரில் ஜேர்மனியும் யப்பானும் வென்றதாகக் கொள்கிறது. நேச நாடுகளே வென்றதாகக் கூறும் தடைசெய்யப்பட்ட நூலொன்று அந்நாவலினுள் கைமாறித் திரிகிறது. 2015 முதல் 2019 வரை வெளிவந்த தொடரில் அந்நூல் படச்சுருள்களாக மாறிவிடுகிறது. வாசித்து நம்பவேண்டியது, கண்ணாற் கண்டு நம்பவேண்டியதாகிறது.

பிலிப் ரோத்தின் 'த ப்ளொட் அகெய்ன்ஸ்ட் அமெரிக்கா' (2004) என்னும் நாவலில், 1940ஆம் ஆண்டுத் தேர்தலில் ரூஸ்வெல்ட் தோற்று, விமானி லிண்ட்பேர்க் ஜனாதிபதியாகிறார். யூதக் குடிமக்கள் படிப்படியாக அந்நியராக்கப்படுகின்றனர். ஈற்றில் ரூஸ்வெல்ட் மீண்டும் வெல்ல, வரலாறு பழைய தடத்துக்குத் திரும்புகிறது. 2020இல் வந்த தொடரோ அவ்வாறு முடியவில்லை. வாக்காளர் திருப்பியனுப்பப்படுகின்றனர், வாக்குச்சீட்டுகள் எரிக்கப்படுகின்றன, முடிவு தெரியாமலே கதை நின்றுவிடுகிறது.

அங்குக் கற்பனையாகக் காட்டப்பட்ட உரிமையிழப்பு, நம் நாட்டிலே சட்டமாக நிகழ்ந்தது. 1947ஆம் ஆண்டுத் தேர்தலில் இலங்கை இந்தியன் காங்கிரஸ் 7 ஆசனங்களைப் பெற்றது. நுவரெலியாவில் சௌ. தொண்டமானும் தலவாக்கலையில் எழுத்தாளர் சி. வி. வேலுப்பிள்ளையும் தெரிவாயினர். 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டமும் 1949ஆம் ஆண்டுத் தேர்தல் திருத்தச் சட்டமும் மலையக மக்களுட் பெரும்பாலோரை வாக்காளர் இடாப்பினின்றும் விலக்கின. 1952இல் அக்காங்கிரசுக்கு ஓர் ஆசனமும் கிட்டவில்லை. 1964ஆம் ஆண்டு ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கென ஒதுக்கியது. அவர்களை உறவினரிடமிருந்து பிரித்துச்சென்ற புகையிரதத்தை மக்கள் 'ஒப்பாரிக் கோச்சி' என்றனர்.

ஆகவே மலையகத்துக்கு மாற்று வரலாறு படைப்போர் கொடுமைகளைப் புனைய வேண்டியதில்லை. 1948ஆம் ஆண்டினை மாற்றினாற் போதும். அப்போது திரையிலே தோன்றுவன யாவை? 1952ஆம் ஆண்டுத் தேர்தலன்று வாக்களிக்க வரிசையில் நிற்கும் கொழுந்து பறிக்கும் பெண்கள். ஒப்பாரி கேளாத ஹட்டன் புகையிரத மேடை. ஒரே தோட்டத்தில் அருகருகே முதுமையெய்தும் அண்ணனும் தங்கையும். பிறருக்கு இவை சாதாரணக் காட்சிகளே. அண்ணனைக் கோச்சியேற்றி அனுப்பிய தங்கைக்கு அவ்வாறாகா.

வாக்குரிமை நிலைத்திருப்பினும் லயக்காம்பராவும் குறைந்த கூலியும் தாமாக ஒழிந்திரா என்பதையும் அத்தகைய படைப்பு மறைத்தலாகாது. எஞ்சிய நாடற்றோர்க்கு 2003ஆம் ஆண்டுச் சட்டம் பிரஜாவுரிமை வழங்கியது. ஆயினும் இடைப்பட்ட ஐம்பத்தைந்து ஆண்டுகளைச் சட்டத்தால் மீட்டளிக்க இயலாது. அவ்வாண்டுகள் எவ்வாறு இருந்திருக்கலாம் எனக் காட்டுவது கலைக்கு இயலும். இப்பணியை மலையக எழுத்தாளரும் திரைக்கலைஞரும் மேற்கொள்ளவேண்டும் என்பதே நம் கருத்தாகும்.