அந்தப் பணம் யாருடையது?

"வீட்டிலிருந்தபடியே மாதம் ஐயாயிரம் வெள்ளி சம்பாதிக்கலாம். கைப்பேசி மட்டும் இருந்தால் போதும்." இந்த வாசகத்தைப் பார்க்காத மாணவர் நம் வளாகத்தில் இருக்க முடியாது. வாட்ஸ்அப் குழுவில் வரும், டெலிகிராமில் வரும், சில வேளைகளில் நம் விடுதியிலேயே தங்கியிருக்கும் மூத்த மாணவர் ஒருவர் தே தாரேக் வாங்கிக் கொடுத்து நேரிலேயே சொல்வார். இணையத்தில் பணம் ஈட்டலாம் என்று யார் சொன்னாலும் ஏமாற்று என்று ஒதுக்கிவிடுவது எளிது. ஆனால் அது உண்மையல்ல. இணையத்தில் பொருள் விற்றுப் படிப்புச் செலவைப் பார்த்துக்கொள்ளும் நண்பர்கள் நம்மிடையே இருக்கிறார்கள். ஆகவே, எது வாணிபம், எது மோசடி என்று பிரித்தறிவது எப்படி என்பதை இங்கே எழுத முனைந்தேன்.

மோசடியைக் கண்டுபிடிக்கப் பலரும் பல அடையாளங்களைச் சொல்வார்கள். எழுத்துப்பிழை இருக்கும், முகவரி இருக்காது, தொலைபேசியை எடுக்க மாட்டார்கள் என்பார்கள். இவை பழைய கதை. இன்றைய மோசடிக்காரர்கள் நம்மைவிட அழகாக மலாய் எழுதுகிறார்கள். பெட்டாலிங் ஜெயாவில் குளிர்சாதன அலுவலகம் வைத்திருக்கிறார்கள். என்னைப் பொறுத்தவரை கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான். எனக்குத் தருவதாகச் சொல்லும் பணம் யாருடைய சட்டைப் பையிலிருந்து வருகிறது?

அஃபிலியேட் எனப்படும் பரிந்துரை விற்பனையை எடுத்துக்கொள்வோம். அமேசான் நிறுவனம் 1996-லேயே இதைத் தொடங்கிவிட்டது. இன்று ஷோப்பி போன்ற தளங்களிலும் உண்டு. ஒரு பொருளின் இணைப்பை நான் பகிர்கிறேன். அதன்வழி யாரோ ஒருவர் அப்பொருளை வாங்குகிறார். விற்பனையில் ஒரு சிறு பங்கு எனக்கு வருகிறது. சேர்வதற்குக் கட்டணம் இல்லை. வாங்கியவர் எனக்குக் கீழ் உறுப்பினராக வேண்டியதும் இல்லை. அவருக்கு ஒரு தண்ணீர்ப் புட்டி தேவைப்பட்டது, வாங்கினார், அவ்வளவுதான். அந்தப் பங்கு ஐந்து விழுக்காடு என்றால் 30 வெள்ளிப் புட்டிக்கு ஒன்றரை வெள்ளி கிடைக்கும். இதில் மாதம் ஐயாயிரம் பார்க்க எத்தனை புட்டி விற்க வேண்டும் என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளலாம். நேர்மையான வாணிபம் பெரும்பாலும் இப்படிச் சலிப்பூட்டுவதாகத்தான் இருக்கும். அதனால்தான் அதைப் பற்றி ஹோட்டல் மண்டபத்தில் யாரும் கூட்டம் போடுவதில்லை.

மறுபக்கம், சேர்வதற்கே 'பேக்கேஜ்' வாங்க வேண்டிய திட்டங்கள் உள்ளன. பொருள் என்று ஒன்று இருக்கும்; காப்பித்தூள், சோப்பு, அல்லது 'இணையத்தில் சம்பாதிப்பது எப்படி' என்று கற்பிக்கும் காணொளி வகுப்பு. ஆனால் அதை வாங்குபவர்கள் உறுப்பினர்கள் மட்டுமே. அவர்கள் வாங்குவதும் பொருளுக்காக அல்ல, சேர்வதற்காக. அப்படியானால் மேலே இருப்பவருக்குப் போகும் பணம் முழுவதும் கீழே புதிதாகச் சேர்பவரின் பணம்தான்.

இங்கே தமிழ்ப்பள்ளியில் படித்த ஆறாம் வாய்பாடு உதவும். ஒவ்வொருவரும் ஆறு பேரைச் சேர்க்க வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். "ஆறே ஆறு பேர்தானே" என்பார்கள். முதல் படியில் 6 பேர், இரண்டாம் படியில் 36, மூன்றாவதில் 216. எட்டாம் படியில் மட்டும் 1,679,616 பேர். எட்டுப் படிகளையும் கூட்டினால் 2,015,538 பேர். மலேசிய இந்தியர்களின் மொத்த எண்ணிக்கை சுமார் 20 லட்சம். அதாவது எட்டாம் படியிலேயே நம் சமூகத்தில் தொட்டில் குழந்தை உட்பட எல்லாரும் சேர்ந்து முடித்திருக்க வேண்டும். உறவையும் நட்பையும் வைத்துத்தானே ஆள் பிடிக்கிறார்கள்? அதனால்தான் நம் சமூகத்தின் எண்ணிக்கையோடு ஒப்பிட்டேன். பத்தாம் படிக்கு நாட்டு மக்கள்தொகையே போதாது.

இதைவிட எனக்கு அதிர்ச்சியளித்தது வேறொன்று. இத்தகைய திட்டம் எந்தப் படியில் நின்றுபோனாலும், அப்போது கடைசிப் படியில் நிற்பவர்கள் மொத்த உறுப்பினர்களில் ஆறில் ஐந்து பங்கினர். நூற்றுக்கு 83 பேர். அவர்களுக்குக் கீழே யாரும் இல்லை. எனவே போட்ட பணம் திரும்ப வழியும் இல்லை. அவர்கள் உழைக்கவில்லை, நம்பிக்கை வைக்கவில்லை என்று மேடையில் சொல்வார்கள். உண்மையில் அது வெறும் பெருக்கல் கணக்கு.

என் அத்தை ஒருவர் தொழிற்சாலையில் வேலை செய்து ஓய்வு பெற்றவர். ஊழியர் சேமநிதிப் பணத்திலிருந்து 3,000 வெள்ளி எடுத்து இத்தகைய திட்டமொன்றில் சேர்ந்திருந்தார். அடுத்து 9,000 வெள்ளி போட்டால் 'மேனேஜர்' ஆகலாம் என்று சொல்லியிருந்தார்கள். எங்கள் குடும்பத்தில் மலாய்க் கடிதங்களைப் படித்துச் சொல்வது என் வேலை என்பதால், கண்ணாடிச் சட்டம் போட்ட ஒரு சான்றிதழைக் கொண்டுவந்து காட்டினார். "பாரும்மா, அரசாங்க முத்திரை இருக்கு" என்றார். அது எஸ்.எஸ்.எம். எனப்படும் நிறுவன ஆணையத்தின் பதிவுச் சான்றிதழ்.

இதில்தான் நம்மில் பலர் குழம்பிப்போகிறோம். எஸ்.எஸ்.எம். பதிவு என்பது இந்தப் பெயரில் ஒரு நிறுவனம் இருக்கிறது என்பதற்கு மட்டுமே சான்று. வர்த்தகப் பெயரில் தனிநபர் வணிகம் பதிய ஆண்டுக்கு 60 வெள்ளி. சென்டிரியான் பெர்ஹாட் தொடங்க 1,000 வெள்ளி. நேரடி விற்பனை நடத்த உள்நாட்டு வாணிப அமைச்சின் தனி உரிமம் வேண்டும். அதன் எண் ஏ.ஜே.எல். என்று தொடங்கும். பொதுமக்களிடம் வைப்புத்தொகை பெற பேங்க் நெகாராவின் அனுமதி வேண்டும். முதலீட்டு நிதி நடத்தப் பங்குப் பத்திர ஆணையத்தின் அனுமதி வேண்டும். 1993-ஆம் ஆண்டின் நேரடி விற்பனைச் சட்டம் 2010-இல் திருத்தப்பட்டபோது பிரமிட் திட்டங்களுக்குத் தடை அதில் சேர்க்கப்பட்டது. அத்திட்டத்தைப் பரப்புவதே குற்றம், சிறைத்தண்டனையும் உண்டு. தோழிக்குத் தோழி சொல்லிச் சேர்க்கும் மாணவர்கள் இதை அறிந்திருக்கிறார்களா என்பது எனக்கு ஐயமே.

அத்தையிடம் நான் சட்டம் பேசவில்லை. "அத்தை, இந்தக் காப்பியை உறுப்பினர் ஆகாத யாராவது காசு கொடுத்து வாங்கினாங்களா?" என்று மட்டும் கேட்டேன். கொஞ்ச நேரம் யோசித்தார். "பக்கத்து வீட்டு அக்காவுக்குச் சும்மா கொடுத்தேன்" என்றார். 9,000 வெள்ளியைப் போடவில்லை. மீதிப் பெட்டிகளை வீட்டுக்கு வருவோர் போவோருக்கெல்லாம் கலக்கிக் கொடுத்துத் தீர்த்தார்.

"எனக்குப் பணம் வந்ததே, பிறகு எப்படி மோசடி?" என்று கேட்பவர்கள் உண்டு. இது நியாயமான கேள்விதான். ஆனால் பினாங்கில் இயங்கிய ஜே.ஜே.பி.டி.ஆர். நிறுவனமும் பலருக்குப் பணம் கொடுத்தது. அந்நியச் செலாவணி வாணிபத்தில் மாதம் 20 விழுக்காடு ஆதாயம் என்றார்கள். 2017 ஏப்ரலில், ஊடுருவிகள் பணத்தைத் திருடிவிட்டார்கள் என்று அறிவித்தார்கள். அதற்குப் பத்தாண்டுகளுக்கு முன் சுவிஸ்கேஷ் என்ற இணைய முதலீட்டுத் திட்டம் 15 மாதத்தில் 300 விழுக்காடு என்றது. அதன் மீது 2007-இல் பங்குப் பத்திர ஆணையம் நீதிமன்றம் சென்றது. பின்னால் வருபவரின் பணத்தை முன்னால் வந்தவருக்குக் கொடுக்கும் வரை எல்லாருக்கும் பணம் வரும். வந்த பணத்தின் ரசீதே அடுத்தவரைப் பிடிக்கும் தூண்டில்.

மாதம் 20 விழுக்காடு என்பதன் பொருள் என்ன? ஆயிரம் வெள்ளியைப் போட்டு ஆதாயத்தை எடுக்காமல் விட்டால் ஓராண்டில் 8,916 வெள்ளி. மூன்றாண்டில் ஏறத்தாழ 708,800 வெள்ளி. ஊழியர் சேமநிதி 2024-ஆம் ஆண்டுக்குக் கொடுத்த லாப ஈவு 6.3 விழுக்காடு. அதே ஆயிரத்துக்கு 63 வெள்ளி. இவ்வளவு சம்பாதிக்கத் தெரிந்தவர் எதற்காக நம் பி.டி.பி.டி.என். கடன் பணத்தைக் கேட்டு விடுதிக்கு வருகிறார்?

அண்மைக் காலமாக ஆள் சேர்க்கவே சொல்லாத வகையும் வந்துவிட்டது. காணொளிக்கு 'லைக்' போடும் வேலை. முதலில் சில வெள்ளி உண்மையிலேயே வங்கிக் கணக்கில் விழும். பிறகு பெரிய வேலை வேண்டுமென்றால் முன்பணம் கட்டச் சொல்வார்கள். கட்டியதை எடுக்க வேண்டுமென்றால் வரி கட்டு, பிறகு அபராதம் கட்டு என்று நீளும். கட்டச் சொல்லும் கணக்கு பெரும்பாலும் ஏதோ ஒரு தனிநபரின் பெயரில் இருக்கும். காவல்துறையின் 'செமாக் மியூல்' தளத்தில் அந்தக் கணக்கு எண்ணைப் போட்டுப் பார்க்கலாம். பேங்க் நெகாரா, பங்குப் பத்திர ஆணையம் ஆகியவற்றின் எச்சரிக்கைப் பட்டியல்களையும் பார்க்கலாம். பெயர் இருந்தால் விலகிவிடுங்கள். இல்லையென்றால் அது நற்சான்று ஆகாது; இன்னும் யாரும் புகார் செய்யவில்லை என்பதாகவும் இருக்கலாம்.

பணம் போய்விட்டது என்று தெரிந்தவுடன் 997 என்ற எண்ணையும் வங்கியையும் அழைக்க வேண்டும். 2022-இல் தொடங்கப்பட்ட தேசிய மோசடித் தடுப்பு மையத்தின் எண் அது. பணம் அடுத்தடுத்த கணக்குகளுக்குத் தாவுவதற்குள் முடக்கப் பார்ப்பார்கள். எனவே ஒவ்வொரு நிமிடமும் கணக்கில் வரும். பிறகு காவல்நிலையத்தில் புகார் செய்ய வேண்டும். நம்மவர்கள் பலர் இந்த இடத்தில்தான் தயங்குகிறார்கள். சேர்த்துவிட்டவர் மாமாவாகவோ மச்சானாகவோ இருப்பார். புகார் செய்தால் அவர் மாட்டிக்கொள்வாரே என்று நினைப்பார்கள். அந்த மாமாவும் பெரும்பாலும் நூற்றில் 83 பேரில் ஒருவராகத்தான் இருப்பார். முடிந்தால் அவரையும் அழைத்துக்கொண்டு போங்கள்.