மாதந்தோறும் மூன்று நாள் விடுப்பு

பெண்பிள்ளைகளை அழைத்துவரும் தாய்மாரிடம் பள்ளி வருகையைப் பற்றி வினவினால், "அந்த மூன்று நாள் மட்டும் போகமாட்டாள்" என்னும் விடை இயல்பாக வருகிறது. விடுப்புக் கடிதத்தில் காய்ச்சல் என்றோ வயிற்றுவலி என்றோ எழுதப்பட்டிருக்கும். பத்து மாதப் பள்ளியாண்டுக்கு முப்பது நாள். ஞாயிறும் பிற விடுமுறைகளும் போக ஏறக்குறைய இருபது நாள் பாடம் அவளுக்கு இல்லை. அவளுடைய தம்பிக்கு அந்த இழப்பு இல்லை. வசதியுள்ள வீட்டுப் பெண்ணுக்கு விட்ட பாடத்தை டியூஷன் ஈடுசெய்யும். கூலி வேலைக்குச் செல்வோர் மகளுக்கு அதுவும் கிடையாது. இயற்கணிதத்தில் முதல் வகுப்பைத் தவறவிட்டவளுக்கு அடுத்த வகுப்பும் விளங்குவதில்லை.

தமிழக அரசு ஊரகப் பெண்பிள்ளைகளுக்கு இலவச நாப்கின் வழங்கும் 'புதுயுகம்' திட்டத்தைக் கொண்டுவந்தது. 2018 ஜூலையில் நாப்கினுக்கான ஜிஎஸ்டி வரியும் நீக்கப்பட்டது. இவை பெரும் உதவிகளே. எனினும் கழிவறையில் தண்ணீரும், கதவுக்குத் தாழ்ப்பாளும், குப்பைத் தொட்டியும் இல்லாத பள்ளியில் நாப்கின் மட்டும் இருந்து பயனில்லை. பெற்றோர் கூட்டங்களில் மதிப்பெண் பற்றிக் கேட்பவர்கள் இதையும் கேட்கலாம். தந்தையரும் கேட்கலாம், இப்பக்கத்தை அவர்கள் புரட்டிவிட வேண்டா.

மருத்துவர் என்ற முறையில் வலியுறுத்த வேண்டியது வேறொன்று. பள்ளிக்குப் போக முடியாத அளவு வலியோ உதிரப்போக்கோ 'பெண்ணாய்ப் பிறந்தால் பொறுத்துத்தான் ஆகவேண்டும்' என்று விடத்தக்கதன்று. ஏழு நாளுக்கு மேல் நீடித்தாலும், ஓரிரு மணி நேரத்துக்கு ஒருமுறை நாப்கின் முழுதும் நனைந்தாலும், பெரிய கட்டிகளாக வெளிப்பட்டாலும் பரிசோதனை தேவை. இரத்தசோகை வந்த பிள்ளை வகுப்பில் சோர்ந்து உறங்குவாள்; அதைச் சோம்பல் என்று கடிந்துகொள்வோரே மிகுதி.

"எங்கள் குடும்பத்தில் எல்லாருக்கும் இப்படித்தான்" என்று பாட்டியார் ஆறுதல் கூறுவதுண்டு. மருத்துவருக்கு அதுவே முதன்மையான தடயம். பின்லாந்து மருத்துவர் எரிக் ஃபான் வில்லிபிராண்ட் 1926இல் ஒரு பரம்பரை இரத்தக்கசிவு நோயை விவரித்தார். அவர் கண்ட குடும்பத்துச் சிறுமி, 13 வயதில், தன் நான்காம் மாதவிடாயில் இரத்தம் நில்லாமல் இறந்தவள். அவர் பெயரால் வழங்கும் அந்நோயை இன்று இரத்தப் பரிசோதனையால் கண்டறிந்து மருந்தால் கட்டுப்படுத்த இயலும்.

வலிக்கும் மருந்துண்டு. கருப்பையைச் சுருங்கச் செய்யும் புரோஸ்டாகிளாண்டின் என்னும் பொருளே பெரும்பாலும் வலிக்குக் காரணம். அதைக் குறைக்கும் மாத்திரையை, வலி முற்றும்வரை காத்திராமல், தொடக்கத்திலேயே உணவுக்குப் பின் உட்கொண்டால் பலர் வழக்கம்போல் வகுப்புக்குச் செல்லலாம். ஆயினும் மிகுதியான உதிரப்போக்கோ, இரைப்பைப் புண்ணோ, ஆஸ்துமாவோ உள்ளவர்கள் கடையில் தாமே வாங்கி உண்ணலாகாது.

மருத்துவமனைக்கு வரும்முன் மூன்று மாதம் நாள்காட்டியில் தொடங்கிய நாள், முடிந்த நாள், மாற்றிய நாப்கின் எண்ணிக்கை, பள்ளிக்குச் செல்லாத நாள் ஆகியவற்றைக் குறித்து வாருங்கள். உதிரப்போக்கு மிகுதியாயின் மூன்று மாதம் காத்திருக்க வேண்டா. குறிப்பைத் தங்கள் மகளே எழுதட்டும்; மருத்துவரிடமும் அவளே பேசட்டும்.