ராக் கச்சேரிக்குப் போகிறீர்களா? காது பத்திரம்!

போன மாதம் ஒரு சாயங்காலம். மருந்தகத்தில் கூட்டம் குறைந்திருந்த நேரம். எங்கள் தெருவிலேயே இருக்கும் ஒரு அம்மா, காலேஜில் படிக்கும் பையனை இழுத்துக்கொண்டு வந்தார். "டாக்டரய்யா, நீங்களே இவனுக்குச் சொல்லுங்க. பெங்களூருல ஏதோ வயசான வெள்ளைக்காரங்க மைதானத்துல பாடறாங்களாம். ராத்திரி முழுக்க நின்னுக்கிட்டே கேட்கணுமாம். போயே தீருவேன்னு ஒத்தைக்கால்ல நிக்கறானுங்க!"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஏனென்றால் அதே பெங்களூரில், அதே மாதிரி மைதானத்தில், ராத்திரியில் நின்றவன்தான் நானும்.

"தாராளமா அனுப்புங்கம்மா. ஆனா என்கிட்ட ஒரு அரை மணி நேரம் உக்காந்து கேட்டுட்டுப் போகட்டும்" என்றேன். அந்தப் பையனிடம் சொன்னதைத்தான் இப்போது உங்களிடமும் சொல்லப் போகிறேன்.

பாளையங்கோட்டையில் சித்த மருத்துவம் படித்தபோது என் அறைத் தோழனிடம் ஒரு பழைய டேப் ரிக்கார்டரும் நாலைந்து இங்கிலீஷ் கேசட்டுகளும் இருந்தன. குணபாடத்தை மனப்பாடம் செய்துவிட்டு ராத்திரி பத்து மணிக்கு மேல் 'ரோலிங் ஸ்டோன்ஸ்' கேட்போம். வார்த்தை பாதி புரியாது. ஆனால் கால் தானாகத் தாளம் போடும். அந்த ஸ்டோன்ஸ் 2003 ஏப்ரல் 4-ந் தேதி பெங்களூர் அரண்மனை மைதானத்துக்கு வருகிறார்கள் என்று மச்சான் போன் செய்தபோது எப்படிச் சும்மா இருப்பது? அன்றே பஸ் ஏறிவிட்டேன்.

1962-ல் லண்டனில் தொடங்கிய குழு அது. பாடகர் மிக் ஜாகருக்கு அன்றைக்கு வயது 59. கிடார் வாசித்த கீத் ரிச்சர்ட்ஸுக்கும் அதே 59. டிரம்ஸ் வாசித்த சார்லி வாட்ஸுக்கு 61. எனக்கு 33! கோடை மழை கொட்டி மைதானம் சேறாகிக் கிடந்தது. செருப்பு ஒரு பக்கம், நான் ஒரு பக்கம். மேடையில் அந்த மனிதர் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்குமாக ஓடுகிறார். கீழே நான் முழங்கால் வலிக்கிறது என்று மச்சான் தோளைப் பிடித்துக்கொண்டு நிற்கிறேன்.

'கண்டபடி வாழ்ந்த ராக்காரர்கள் இத்தனை வயசு வரை எப்படித் தாக்குப் பிடிக்கிறார்கள்?' என்று சிலர் என்னிடமே கேட்டிருக்கிறார்கள். தாக்குப் பிடித்தவர்களைத்தானே நாம் பார்க்கிறோம்! அதே குழுவில் இருந்த பிரையன் ஜோன்ஸ் 1969-ல் 27 வயதிலேயே போய்ச் சேர்ந்துவிட்டார். ஜாகர் கதை வேறு. அவருடைய அப்பா உடற்பயிற்சி ஆசிரியர். ஓட்டமும் பயிற்சியும் மகனுக்குப் பழக்கம். 2019 ஏப்ரலில் இதய வால்வு சிகிச்சை செய்துகொண்டவர், ஜூனில் சிகாகோ மேடையில் நின்றார். 2024-ல் 80 வயதிலும் அமெரிக்கா முழுக்கச் சுற்றிப் பாடினார்.

சரி, என் கதைக்கு வருகிறேன். மேடைக்கு வலப்பக்கம், மாடி உயரத்துக்கு அடுக்கியிருந்த ஸ்பீக்கர்களுக்குக் கொஞ்ச தூரத்தில்தான் எங்களுக்கு இடம் கிடைத்தது. டிரம்ஸ் அடி காதில் கேட்கவில்லை, நெஞ்செலும்பில் கேட்டது. ரொம்ப சந்தோஷம்! திரும்பி வரும்போது மச்சான் பேசுவது, தலையணைக்குள்ளிருந்து பேசுவது போல இருந்தது. படுத்தால் இரண்டு காதிலும் சில்வண்டு. 'கொய்ங்...' என்று ஒரே சுருதி. காலையில் இடது காது தெளிந்துவிட்டது. வலது காதில் அந்தச் சில்வண்டு இன்றைக்கும் இருக்கிறது.

என்னிடம் வருகிறவர்கள் கவனித்திருப்பார்கள். நோயாளிக்கான நாற்காலி என் இடப்பக்கம்தான் இருக்கும். நாடி பார்க்க வசதி என்று நினைப்பார்கள். அதற்காக இல்லை. வலப்பக்கம் உட்கார்ந்து ஒரு பாட்டி மெல்லிய குரலில் பேசினால், எனக்குப் பாதி வார்த்தை விட்டுப்போகும்.

காதுக்குள் என்னதான் நடக்கிறது?

செவியை ஆகாய பூதத்தின் பொறி என்கிறது சித்த மருத்துவம். ஓசை அதன் புலன். நவீன மருத்துவம் அதையே உள்ளே திறந்து காட்டுகிறது. உட்காதில் நத்தை ஓடு போல ஒரு சுருள் இருக்கிறது. அதற்குள் சுமார் 15,000 மயிரிழை செல்கள். நெல் வயலில் காற்றடித்தால் பயிர் சாய்ந்து நிமிர்கிற மாதிரி, ஓசை வரும்போது இவற்றின் இழைகள் அசைகின்றன. புயலடித்தால்? சில நிமிரும், சில அப்படியே படுத்துவிடும். வயலில் மறுபடி நடலாம். மனிதக் காதில் இந்தச் செல்கள் மறுபடி முளைப்பதில்லை.

சாதாரணப் பேச்சு 60 டெசிபல். 85 டெசிபல் வரை ஒரு நாளைக்கு 8 மணி நேரம் தாங்கலாம் என்று கணக்கு வைத்திருக்கிறார்கள். அதற்கு மேல் ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் நேரம் பாதியாகக் குறையும். 88-க்கு 4 மணி நேரம், 91-க்கு 2 மணி நேரம்... 100 டெசிபல் என்றால் வெறும் 15 நிமிடம்! ராக் கச்சேரியில் 100-ஐத் தாண்டுவது சாதாரணம். அதில் 2 மணி நேரம் நின்றால், ஒரு நாள் அளவைப் போல எட்டு மடங்கு. 'திறந்தவெளிதானே, சத்தம் காற்றோடு போய்விடும்' என்று நினைக்காதீர்கள். 1976-ல் லண்டன் கால்பந்து மைதானம் ஒன்றில் 'தி ஹூ' குழு வாசித்தபோது 32 மீட்டர் தள்ளி அளந்ததே 126 டெசிபல். கின்னஸ் புத்தகத்தில் ஏறியது. இந்தப் போட்டியால் காதுகள் கெடும் என்று பிற்பாடு அந்தப் பிரிவையே எடுத்துவிட்டார்கள்.

வாசிக்கிறவர்களையும் அது விடவில்லை. அந்த 'ஹூ' குழுவின் பீட் டவுன்ஷெண்டுக்குக் காது இரைச்சலும் செவிக் குறைவும் உண்டு. 'ஏசி/டிசி' பாடகர் பிரையன் ஜான்சன், தொடர்ந்தால் முழுச் செவிடாகிவிடும் என்று டாக்டர்கள் எச்சரித்ததால் 2016-ல் சுற்றுப்பயணத்தைப் பாதியில் நிறுத்தினார்.

வழி ரொம்பச் சுலபம். மெடிக்கல் ஷாப்பில் நுரை ரப்பர் காதடைப்பான் கிடைக்கும். விலை அதிகமில்லை. விரலால் மெல்லிசாக உருட்டி, மறு கையால் காது மடலை மேலே தூக்கிப் பிடித்து, உள்ளே விட்டு, அரை நிமிடம் அழுத்திப் பிடிக்க வேண்டும். அது விரிந்து அடைத்துக்கொள்ளும். சரியாகப் போட்டால் 15 முதல் 20 டெசிபல் குறையும். பாட்டு கேட்கும், பயப்படாதீர்கள். பஞ்சு வைத்தால் போதாதா என்றால், போதாது. பஞ்சு பெரிதாக எதையும் தடுக்காது. ஸ்பீக்கரை விட்டுத் தள்ளி நில்லுங்கள். சின்னக் குழந்தையைத் தூக்கிப் போகிறவர்கள் ஹெட்போன் மாதிரி காதை மூடும் உறை இல்லாமல் போகவே வேண்டாம்.

இனி உடம்பு. அடக்கக் கூடாத வேகங்கள் 14 என்று சித்தர் நூல்கள் சொல்கின்றன. பசி, நீர்வேட்கை, சிறுநீர், நித்திரை... இந்த நாலையும் ஒரே ராத்திரியில் அடக்குகிற இடம் ராக் கச்சேரி மைதானம்! இடம் போய்விடும் என்று சிறுநீரை அடக்குவது. அதற்குப் பயந்து தண்ணீரே குடிக்காமல் இருப்பது. பெண்கள்தான் இதில் அதிகம் கஷ்டப்படுகிறார்கள். நீர்க்கடுப்பு, தலைவலி, மயக்கம் எல்லாம் இதில்தான் ஆரம்பம். மதியம் தயிர்சாதமோ இட்லியோ வயிறாரச் சாப்பிட்டுவிட்டு, நாள் முழுக்க மோரும் தண்ணீருமாகக் குடித்து, உள்ளே போனதும் கழிப்பறை எங்கே என்று முதலில் பார்த்து வையுங்கள். ஒரே இடத்தில் விறைத்து நிற்காமல் குதிகாலைத் தூக்கித் தூக்கி இறக்குங்கள். கெண்டைக்காலில் தேங்கும் ரத்தம் மேலே ஏறும். ஆடுகிறவனுக்கு மயக்கம் குறைவு. ஆடாமல் நிற்கிறவன்தான் விழுவான்.

கூட்டத்தைப் பற்றி ஒரு வார்த்தை. 2000-ல் டென்மார்க்கில் ரோஸ்கில்டே விழாவில், 'பேர்ல் ஜாம்' குழு வாசித்துக்கொண்டிருந்தபோது 9 பேர் இறந்தார்கள். இந்த மாதிரி நெரிசலில் உயிர் போவது பெரும்பாலும் மிதிபட்டு அல்ல, நெஞ்சு விரிய இடமில்லாமல் மூச்சு நின்றுதான். முன்வரிசையில் கையை அசைக்க முடியாத நெருக்கம் வந்தால், இரண்டு கைகளையும் நெஞ்சுக்கு முன்னால் மடக்கி வைத்து, தள்ளு ஓய்கிற இடைவெளியில் பக்கவாட்டாக நகர்ந்து வெளியே வந்துவிடுங்கள்.

திரும்பி வந்தபின் என்ன செய்வது? நன்றாகத் தூங்குங்கள். மறுநாள் முழுக்கக் காதுக்கு ஓய்வு. வாக்மேன் மாதிரி காதில் மாட்டுகிற எதுவும் வேண்டாம். கத்திக் கத்தித் தொண்டை கட்டியிருந்தால் வெந்நீரில் உப்புப் போட்டுக் கொப்பளியுங்கள். அதிமதுரத் துண்டு ஒன்றை வாயில் அடக்கலாம், ரத்தக் கொதிப்பு உள்ளவர்கள் தவிர. கண் விழித்த மறுநாளே எண்ணெய் முழுக்கு வேண்டாம். மிளகு ரசமும் கஞ்சியும் போதும்.

இப்போது, சித்த மருத்துவனான நானே சொல்கிறேன், கவனமாகக் கேளுங்கள். காது அடைத்திருக்கிறது, இரைகிறது என்று பூண்டு போட்டுக் காய்ச்சிய எண்ணெயைக் காதில் ஊற்றாதீர்கள். எண்ணெய் செவிப்பறையோடு நின்றுவிடும். கோளாறு அதற்கும் உள்ளே. செவிப்பறையில் ஓட்டை இருந்தால் புது வினை வேறு. பட்டுப்போன செல்லை முளைக்க வைக்கும் லேகியமும் கிடையாது, மாத்திரையும் கிடையாது. ஆனால் கேள்வி திடீரென்று குறைந்துவிட்டால், முதல் 2, 3 நாளுக்குள் காது-மூக்கு-தொண்டை டாக்டரிடம் போனால் ஸ்டீராய்டு சிகிச்சைக்கு வழி உண்டு. நாள் தள்ளத் தள்ளப் பலன் குறையும்.

அன்றைக்கு நான் என்ன செய்தேன் தெரியுமா? 'வைத்தியனே வைத்தியனிடம் போவதா' என்ற வீம்பில் மூன்று வாரம் அமுக்கராச் சூரணம் சாப்பிட்டுக்கொண்டு இருந்தேன். தூக்கம் வந்தது, இரைச்சல் போகவில்லை. அப்புறம் எடுத்த செவிச் சோதனைத் தாளில் 4,000 ஹெர்ட்ஸ் பக்கத்தில் கோடு பள்ளமாக இறங்கியிருந்தது. அதிக ஓசையால் கெட்ட காதின் அடையாளம் அது. அந்தத் தாள் இன்னும் என் மேஜை டிராயரில் இருக்கிறது. அந்தப் பையனுக்கு அதைத்தான் எடுத்துக் காட்டினேன்.

ஒரு ஜோடி காதடைப்பானை என் எதிரிலேயே போடச் சொன்னேன். முதல் தடவை பாதியில் பிதுங்கி வெளியே வந்தது. மூன்றாவது தடவை சரியாக உட்கார்ந்தது. "என்னம்மா சொல்றே? ஒண்ணும் கேக்கலை!" என்று அம்மாவைப் பார்த்துக் கத்தினான்.

"இவன் எப்பவுமே இப்படித்தானுங்க" என்றார் அந்த அம்மா. "இன்னும் ரெண்டு ஜோடி குடுங்க. கூடப் போற பசங்களுக்கும் ஆகும்."