பழைய மகிழுந்துக்குப் புதிய பிரேக் குழாய்கள்

பிரிக்பீல்ட்சில் என் சிற்றப்பா வீட்டுக் கொட்டகையில் சிவப்பு நிற விளையாட்டு மகிழுந்து ஒன்று நிற்கிறது. அது 1967ஆம் ஆண்டு தயாரிப்பான எம்.ஜி.பி. இருவர் மட்டுமே அமரலாம். துணிக்கூரையை மடித்துவிட்டால் காற்று முகத்தில் அறையும். இங்கிலாந்தின் ஏபிங்டன் நகரில் 1962 முதல் 1980 வரை இவ்வகை மகிழுந்துகள் ஐந்து இலட்சத்திற்கும் மேல் தயாராயின. 1968இல் பத்து தீகா பந்தயத் தடம் திறக்கப்பட்டபோது சிற்றப்பா பள்ளி மாணவர். வேலியைப் பிடித்துக்கொண்டு பார்த்த வண்டிகளைப்போல் ஒன்றை வாங்க வேண்டும் என்ற ஆசை, பணி ஓய்வுக்குப் பிறகுதான் அவருக்கு நிறைவேறியது.

வாங்கிய வண்டியோ பல ஆண்டுகள் ஓடாமல் கிடந்த வண்டி. புதுச் சாயம் பூச வேண்டும் என்பதே சிற்றப்பாவின் முதல் திட்டம். அதனைக் கிள்ளானில் பழைய வண்டிகளைப் பழுதுபார்க்கும் ஒரு பட்டறைக்கு இழுவை லாரியில் ஏற்றிச் சென்றோம். ஐந்தாம் படிவத்தில் பயிலும் என் அக்காள் மகனும் உடன் வந்தான். பட்டறைக்காரர் வண்டியை உயர்த்திவிட்டுக் கைவிளக்குடன் அடியில் புகுந்தார். பின்புற அச்சை ஒட்டி ஓடிய ஒரு மெல்லிய குழாயை விரல் நகத்தால் சுரண்டினார். துரு செதில் செதிலாக உதிர்ந்தது. அவருடைய விரல் நுனி ஈரமாகியிருந்தது.

“ஐயா, சாயம் எப்போது வேண்டுமானாலும் அடிக்கலாம். முதலில் வண்டி நிற்கட்டும்” என்றார்.

“வண்டி ஓடவே இல்லையே! நிற்பதைப் பற்றி என்ன கவலை?” என்று சிற்றப்பா சிரித்தார். பட்டறைக்காரர் சிரிக்கவில்லை.

அவர் ஏன் சிரிக்கவில்லை என்பது, பிரேக் எவ்வாறு வேலை செய்கிறது என்று தெரிந்தால் புரியும்.

தொடக்கக் கால மகிழுந்துகளில் ஓட்டுநரின் கால் விசையை இரும்புத் தண்டுகளும் கம்பி வடங்களும் சக்கரங்களுக்குக் கொண்டு சென்றன. ஒரு பக்கக் கம்பி சற்றுத் தளர்ந்தாலும் வண்டி மறுபக்கம் இழுக்கும். 1921இல் அமெரிக்காவின் டூசன்பர்க் நிறுவனம் நான்கு சக்கரங்களுக்கும் திரவ அழுத்தத்தால் இயங்கும் பிரேக்கைத் தன் மகிழுந்தில் பொருத்தியது. ஏறக்குறைய எல்லா மகிழுந்துகளும் பின்னர் அந்த வழிக்கே வந்தன.

இதன் அடிப்படை, இயற்பியல் பாடத்தில் நீங்கள் படிக்கும் பாஸ்கல் கோட்பாடு. மூடிய கலனில் உள்ள திரவத்தின்மீது செலுத்தப்படும் அழுத்தம் எல்லாத் திசைகளிலும் சமமாகப் பரவும். பிரேக் மிதியை அழுத்தும்போது, பட்டறையில் ‘மாஸ்டர் பம்ப்’ என்று அழைக்கப்படும் முதன்மை உருளையில் ஒரு சிறிய பிஸ்டன் முன்னோக்கி நகர்கிறது. அது திரவத்தைத் தள்ளுகிறது. குழாய்களின் வழியே பரவும் அழுத்தம் சக்கரங்களின் அருகேயுள்ள பெரிய பிஸ்டன்களைத் தள்ளுகிறது. அவை முன்சக்கரங்களில் சுழலும் வட்டை இருபுறமும் பிடிக்கின்றன. பின்சக்கரங்களில் டிரம்மின் உட்புறத்தை உராய்கின்றன.

எண்களை வைத்துப் பார்ப்போம். ஓட்டுநர் 20 கிலோகிராம் எடைக்குச் சமமான விசையால் மிதிக்கிறார் என்று கொள்வோம். மிதி ஒரு நெம்புகோல் என்பதால் அவ்விசை ஐந்து மடங்காகி 100 கிலோகிராம் ஆகிறது. முதன்மை உருளையின் பிஸ்டன் பரப்பு 2.5 சதுர சென்டிமீட்டர் என்றால், ஒவ்வொரு சதுர சென்டிமீட்டரிலும் 40 கிலோகிராம் அழுத்தம் உண்டாகும். சக்கரத்தருகே உள்ள பிஸ்டனின் பரப்பு 20 சதுர சென்டிமீட்டர் எனில், அது 800 கிலோகிராம் விசையால் வட்டை நெருக்கும். ஒரு டன்னுக்குச் சற்றுக் குறைவான எடையுள்ள வண்டியை நம் ஒற்றைக் கால் நிறுத்திவிடுவது இப்படித்தான்.

இந்த அழுத்தம் முழுவதையும் தாங்கிச் செல்வது ஏறத்தாழ 4.8 மில்லிமீட்டர் விட்டமுள்ள குழாய். உங்கள் கையிலுள்ள பென்சில் அதைவிடத் தடிமனானது.

சிற்றப்பாவின் வண்டியில் இன்னொரு சிக்கலும் இருந்தது. இன்றைய மகிழுந்துகளில் பிரேக் அமைப்பு இரண்டு தனிச் சுற்றுகளாகப் பிரிக்கப்பட்டிருக்கும். ஒன்று கசிந்து போனாலும் மற்றொன்று வண்டியை ஓரளவேனும் நிறுத்தும். அமெரிக்கா 1968இல் இதனைக் கட்டாயமாக்கியதால், அந்நாட்டுக்கு அனுப்பப்பட்ட எம்.ஜி.பி. மகிழுந்துகளுக்கு இரட்டைச் சுற்று கிடைத்தது. மற்ற நாடுகளுக்கு அது வர மேலும் பல ஆண்டுகளாயின. சிற்றப்பாவின் வண்டியில் இருப்பது ஒற்றைச் சுற்று. பின்புறத்தில் துருப்பிடித்த அந்த ஒரு குழாய் வெடித்தால், நல்ல நிலையில் இருக்கும் முன்சக்கரப் பிரேக்கும் சேர்ந்தே போய்விடும். மிதி தரையைத் தொடும். வண்டி ஓடிக்கொண்டே இருக்கும். பின்சக்கரங்களைத் தனிக் கம்பியால் இழுக்கும் கைப்பிரேக் ஒன்றே மிஞ்சும். கெந்திங் மலையிலிருந்து இறங்கும்போது அப்படி நேர்ந்தால் என்ன ஆகும் என்பதை உங்கள் கற்பனைக்கே விடுகிறேன்.

“பார்க்க நன்றாகத்தானே இருந்தது?” என்று சிற்றப்பா கேட்டார். பிரேக் குழாயைப் பொறுத்தவரை, வெளித்தோற்றத்தை நம்ப முடியாது. அது வெளியிலிருந்தும் கெடும், உள்ளிருந்தும் கெடும்.

வெளியிலிருந்து கெடுவதற்கான காரணம் எளிது. சாதாரணக் குழாய் எஃகால் ஆனது. சக்கரம் தெறிக்கும் கல் அதன் மேற்பூச்சைப் பெயர்த்துவிட்டால் அங்கே துரு பிடிக்கத் தொடங்கும். கிள்ளான் போன்ற துறைமுக நகரில் கடற்காற்றின் உப்பு அதனை விரைவுபடுத்தும். 2021 டிசம்பரில் ஷா ஆலம், கிள்ளான் பகுதிகளில் வெள்ளம் சூழ்ந்தபோது எத்தனையோ வண்டிகள் சேற்றில் மூழ்கின. வண்டியை வெளியே கழுவிவிடலாம். அடிப்பகுதியில், குழாயைப் பிடித்திருக்கும் உலோகக் கவ்விகளுக்கு உள்ளே தங்கிய சேற்றை யார் பார்க்கிறார்கள்?

உள்ளிருந்து கெடுவது திரவத்தால். பட்டறைகளில் இதனைப் ‘பிரேக் எண்ணெய்’ என்பார்கள். மலாய்மொழியிலும் ‘மின்யாக் பிரேக்’ என்பதே வழக்கு. ஆனால், பெரும்பாலான மகிழுந்துகளில் பயன்படும் இத்திரவம் நாம் அறிந்த எண்ணெய் வகையைச் சேர்ந்ததன்று. இயந்திர எண்ணெயைத் தவறுதலாக இதில் ஊற்றினால், அமைப்பிலுள்ள ரப்பர் வளையங்கள் ஊதிப் பெருத்துப் பாழாகிவிடும். பெயரை நம்பி அவ்வாறு ஊற்றியவர்களும் உண்டு.

இத்திரவத்திற்கு ஒரு குணம்: காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சிக்கொள்ளும். ரப்பர் குழாயின் நுண்துளைகள் வழியாகக்கூட நீராவி மெல்ல உள்ளே சேரும். நம் நாட்டின் ஈரக்காற்றில் சொல்லவே வேண்டியதில்லை. ‘டாட் 4’ எனக் குறிக்கப்படும் புதிய திரவம் குறைந்தது 230 பாகை செல்சியஸ் வரை கொதிக்காமல் இருக்க வேண்டும். அதில் 3.7 விழுக்காடு நீர் சேர்ந்துவிட்டால், அந்தக் குறைந்தபட்ச அளவு 155 பாகையாக இறங்கிவிடுகிறது. மலைச்சாலையில் நீண்ட நேரம் பிரேக்கை அழுத்தும்போது உண்டாகும் வெப்பத்தில் அத்தகைய திரவம் கொதித்து ஆவிக்குமிழிகள் தோன்றலாம். திரவத்தை நெருக்கிச் சுருக்க முடியாது; ஆவியைச் சுருக்க முடியும். எனவே, மிதித்த விசையெல்லாம் குமிழிகளைச் சுருக்குவதிலேயே போய்விடும். உள்ளே சேர்ந்த நீர், எஃகுக் குழாயை உட்புறமாக அரிக்கவும் செய்யும்.

ஆகவே, கசிந்த ஒன்றை மட்டும் மாற்றாமல் எல்லாக் குழாய்களையும் மாற்றுவது என்று முடிவாயிற்று. ஒன்று துருப்பிடித்த வயதில்தான் மற்றவையும் இருக்கின்றன. உடலையும் சக்கரங்களையும் இணைக்கும் மூன்று ரப்பர் குழாய்களும் பட்டியலில் சேர்ந்தன. ரப்பர் குழாய் வெளியே நன்றாக இருந்தும் உள்ளே வீங்கி அடைத்துக்கொள்வதுண்டு. அப்போது திரவம் போகும், திரும்பாது. மிதியை விட்ட பிறகும் பிரேக் பிடித்தபடியே இருக்கும்.

எஃகுக் குழாய்க்குப் பதிலாகச் செம்பு நிக்கல் கலவைக் குழாயைப் பட்டறைக்காரர் தேர்ந்தெடுத்தார். ஏறத்தாழ 90 விழுக்காடு செம்பு, 10 விழுக்காடு நிக்கல் கொண்டது இது. கப்பல்களில் கடல்நீர் ஓடும் குழாய்களுக்கும் இக்கலவையே பயன்படுகிறது. வோல்வோ நிறுவனம் 1976 முதல் தன் மகிழுந்துகளின் பிரேக் குழாய்களுக்கு இதனைப் பயன்படுத்தியது. 2012க்கு முன் நம் நாட்டில் வெளிவந்த 10, 20, 50 சென் நாணயங்களும் செம்பு நிக்கல் கலவைதான். அவற்றில் நிக்கல் கூடுதல். வீட்டில் பழைய 50 சென் இருந்தால் எடுத்துப் பாருங்கள். தேய்ந்திருக்கும், மங்கியிருக்கும், துருப்பிடித்திருக்காது. தனிச் செம்பைப் பயன்படுத்தக்கூடாதா என்று என் அக்காள் மகன் கேட்டான். தனிச் செம்பு இடைவிடாத அதிர்வினால் இறுகி, நாளடைவில் விரிசல் விடக்கூடும் என்று விளக்கம் கிடைத்தது.

வேலை மறுவாரம் தொடங்கியது. வண்டி வெறும் ஜாக்கியின்மேல் இல்லாமல் நான்கு உறுதியான தாங்கிகளின்மேல் நின்றது. எந்தக் குழாய் எவ்வழியே செல்கிறது என்பதைக் கழற்றுவதற்கு முன்பே படம் எடுத்துக்கொண்டோம். ஐம்பது ஆண்டுக்கும் மேலாக இறுகிக் கிடந்த நட்டுகளுக்குத் துரு தளர்த்தும் எண்ணெயை முதல் நாளே தெளித்து வைத்திருந்தார்கள். நட்டைச் சுற்றி வளைத்துப் பிடிக்கும் தனி வகை ஸ்பானரால்தான் அவற்றைக் கழற்ற வேண்டும். சாதாரண ஸ்பானர் வழுக்கினால் நட்டின் முனைகள் மழுங்கிவிடும். சிந்திய திரவத்தை உடனே நீரால் கழுவினார்கள். அது சாயத்தைக் கரைத்துவிடும்.

பழைய குழாயைத் தூக்கி எறியாமல் அதன் வளைவுகளைப் பார்த்தே புதியதை வளைத்தார்கள். நீளத்தை அளக்க உதவியது ஒரு சாதாரண நூல். குழாய் வெட்டும் சிறு கருவியால் வெட்டி, பிசிறு நீக்கி, உள்ளே துகள் இல்லாதவாறு காற்றடித்துச் சுத்தம் செய்தார்கள். அடுத்து, கருவியில் பொருத்திக் குழாயின் முனையை விரிக்க வேண்டும். விரிந்த இம்முனைதான் இணைப்பில் அழுந்தி, திரவம் கசியாமல் தடுக்கிறது. பழைய முனை எந்த வடிவில் இருந்ததோ அதே வடிவில் புதியதும் அமைய வேண்டும்.

என் அக்காள் மகன் ஒரு முனையை மிக அழகாக விரித்தான். பெருமையோடு நீட்டினான்.

“நன்றாக இருக்கிறது தம்பி. நட்டு எங்கே?”

நட்டைக் குழாயில் கோத்துவிட்டுத்தான் முனையை விரிக்க வேண்டும். விரித்த பிறகு அது நுழையாது. அவன் முகம் வாடிவிட்டது. “இந்தத் தவற்றைச் செய்யாத மெக்கானிக் இந்தக் கிள்ளானிலேயே இல்லை” என்று சொல்லிப் பட்டறைக்காரர் முனையை வெட்டி எறிந்தார். நல்லவேளையாக நீளம் சற்றுக் கூடுதலாகவே இருந்தது.

குழாய்கள் புகைபோக்கியின் வெப்பம் படாமலும் அசையும் பாகங்களில் உரசாமலும் கவ்விகளால் பிடிக்கப்பட்டன. முன்சக்கரங்களை இருபுறமும் முழுமையாகத் திருப்பி, ரப்பர் குழாய்கள் முறுக்கிக்கொள்ளவில்லை என்பதையும் உறுதிசெய்தார்கள்.

எஞ்சியது காற்று எடுக்கும் வேலை. குழாய்களில் புகுந்த காற்றும் ஆவியைப் போலவே சுருங்கும் என்பதால் அதனை முற்றாக வெளியேற்ற வேண்டும். இதற்கு இருவர் தேவை. முதன்மை உருளையிலிருந்து மிகத் தொலைவில் உள்ள இடப்புறப் பின்சக்கரத்தில் தொடங்கினார்கள். சக்கரத்தருகே உள்ள சிறு திருகில் தெளிவான நெகிழிக் குழாயை மாட்டி, அதன் மறுமுனையைத் திரவம் உள்ள குப்பியில் மூழ்க வைத்தார் பட்டறைக்காரர். ஓட்டுநர் இருக்கையில் என் அக்காள் மகன்.

“மிதி. பிடித்துக்கொள்.” திருகு தளர்ந்தது, குப்பியில் குமிழிகள் எழுந்தன. திருகு இறுகியது. “இப்போது விடு.”

இப்படி எத்தனை முறை என்று எண்ணவில்லை. இடையிடையே மேலேயுள்ள கலத்தில் புதிய திரவம் ஊற்றுவது என் பொறுப்பு. அது வற்றினால் மீண்டும் காற்று புகுந்து, செய்த வேலை வீணாகும். குப்பியில் விழுந்த திரவத்தை மறுபடியும் பயன்படுத்தவில்லை.

“அங்கள், மிதி கல் மாதிரி இருக்கு!” என்று உள்ளிருந்து குரல் வந்தது.

முழு வலிமையோடு சில நிமிடங்கள் மிதித்துப் பிடிக்கச் சொல்லிவிட்டு, வெள்ளைத் தாளால் ஒவ்வோர் இணைப்பையும் ஒற்றிப் பார்த்தார் பட்டறைக்காரர். பின்புற அச்சில் ஓர் இணைப்பில் மட்டும் தாள் அரிசியளவு நனைந்தது. நட்டை இன்னும் சற்று இறுக்கினால் போதாதா என்றார் சிற்றப்பா. பட்டறைக்காரர் அதைக் கழற்றி விரித்த முனையை விளக்கருகே காட்டினார். ஒருபக்கம் சற்றுச் சாய்ந்திருந்தது. அந்தக் குழாயை மட்டும் புதிதாகச் செய்து, காற்றும் மீண்டும் எடுக்க மேலும் இரண்டு மணி நேரம் பிடித்தது. இம்முறை எல்லாத் தாள்களும் உலர்ந்தே இருந்தன.

பட்டறைக்குப் பின்னால் இருந்த ஆளில்லாத சந்தில், நடை வேகத்தில் முதல் சோதனை நடந்தது. பிறகு 20 கிலோமீட்டர் வேகம்; பிறகு 40. ஒவ்வொரு முறையும் வண்டி நேராக நின்றது. சிற்றப்பா இறங்கி வந்து, மங்கிப்போன முன்மூடியைத் தடவிப் பார்த்தார். சாயத்தைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. பட்டறைக்காரர் ஒரு துண்டு ஒட்டுநாடாவில் அன்றைய தேதியை எழுதித் திரவக் கலத்தின்மீது ஒட்டினார். இரண்டு ஆண்டுகளில் திரவத்தை மாற்ற வேண்டும்.