எலுமிச்சம்பழம் எதைக் குறிக்கிறது?

திண்ணையில் ஒரு பெஞ்சு கிடக்கிறது. உட்காரலாம், படுக்கலாம், அவ்வளவுதான். அதையே தூக்கிக்கொண்டு போய்க் கூத்துக் களத்தில் போட்டால், துரியோதனன் ஏறி உட்கார்ந்ததும் அது சிம்மாசனம் ஆகிவிடுகிறது. பெஞ்சில் ஒரு ஆணிகூட மாறவில்லை. அப்ப மாறினது எது? குறியியல் கேட்கிற கேள்வி இதுதான்.

முதலில் சொசூர். இந்தச் சுவிஸ் மொழியியலாளர் ஜெனீவாவில் எடுத்த வகுப்புகள், அவர் இறந்த பிறகு 1916-இல் நூலாக வந்தன. ஒரு குறிக்கு இரண்டு பக்கம் உண்டு என்றார். ‘மரம்’ என்ற ஒலி வடிவம் குறிப்பான். அதைக் கேட்டதும் மனதில் எழும் கருத்து குறிப்பீடு. இரண்டுக்கும் இயற்கையான உறவு எதுவும் இல்லை. பழக்கம்தான் சேர்த்து வைத்திருக்கிறது. அதோடு, ‘மரம்’ தனியாக நின்று பொருள் தருவதில்லை. அது ‘வரம்’ இல்லை, ‘கரம்’ இல்லை என்ற வேறுபாட்டால்தான் அது ‘மரம்’.

இதை மொழிக்கு வெளியே கதை, உடை, உணவு, உறவுமுறை என்று விரித்துப் பார்த்தது அமைப்பியல். கூத்தின் ஒப்பனையையும் இப்படிப் படிக்கலாம். பல குழுக்களில் துரியோதனனுக்குச் சிவப்பு, கிருஷ்ணனுக்குப் பச்சை. சிவப்புக்கென்று தனி அர்த்தம் எதுவும் இல்லை. பச்சைக்கு எதிரே நிற்கும்போதுதான் அது பேசுகிறது.

அமெரிக்கத் தத்துவவாதி பெர்ஸ் வேறு வழியில் போனார். குறி எதைக் குறிக்கிறதோ, அதோடு அதற்கு என்ன உறவு என்று பார்த்து மூன்றாகப் பிரித்தார். ஒத்திருப்பதால் குறிப்பது உருக்குறி: ஒரு புகைப்படம். காரணத் தொடர்பால் குறிப்பது சுட்டுக்குறி: புகை நெருப்பைக் காட்டுவது. வழக்கத்தால் குறிப்பது மரபுக்குறி: மொழியின் சொற்கள்.

சரி, நாடகத்துக்கு வருவோம். இதில் பெரிய வேலை செய்தவர்கள் 1926-இல் தொடங்கிய பிராக் மொழியியல் வட்டத்தைச் சேர்ந்தவங்க. மேடையில் இருக்கும் எல்லாமே குறி என்பது வெல்த்ரூஸ்கியின் கருத்து. நடிகர் தற்செயலாக இருமினால்கூட, அந்தப் பாத்திரத்துக்கு உடம்பு சரியில்லையோ என்று நாம் யோசிப்போம். நாட்டார் நாடகங்களை ஆராய்ந்த பகத்திரியோவ் இன்னொரு படி போனார்: மேடைப் பொருள் பல நேரம் குறியின் குறி. கூத்துக்காரரின் கிரீடம் கட்டையும் கண்ணாடியும்தான். அது தங்கக் கிரீடத்தைக் குறிக்கிறது. தங்கக் கிரீடமோ அரச பதவியைக் குறிக்கிறது. மேடைக் குறி நிலையாக நிற்காது, ஆள் மாறும், வேலை மாறும் என்று காட்டியவர் ஹோன்ஸல். நம்ம பெஞ்சு அவருக்கு ரொம்பப் பிடித்திருக்கும்.

இதையெல்லாம் படித்த தெம்பில் ஒரு நோட்டோடு திரௌபதி அம்மன் திருவிழாவில் அர்ச்சுனன் தபசு பார்க்கப் போனேன். பக்கத்தை இரண்டாகப் பிரித்து, ஒரு பக்கம் பொருள், மறு பக்கம் அது குறிப்பது என்று எழுதிக்கொண்டே வந்தேன். பனைமரம்: கயிலாயம். படிகள்: தவத்தின் நிலைகள். அர்ச்சுனன் வேடக்காரர் பாடிக்கொண்டே படிப்படியாக ஏறினார். உச்சிக்குப் போனதும் வில்வ இலையும் எலுமிச்சம்பழமும் கீழே வீசினார். எலுமிச்சை: வரம் என்று எழுதினேன்.

ஒரு பழம் உருண்டு என் காலடிக்கு வந்தது. நான் குனிவதற்குள் ஒரு பாட்டி அதை எடுத்து முந்தானையில் முடிந்துகொண்டார். “மருமகளுக்குப்பா” என்றார். குழந்தை வேண்டும் பெண்கள் மரத்தைச் சுற்றிக் காத்திருப்பது அந்த விழாவின் வழக்கம். அவர்கள் நாடகம் பார்க்க மட்டும் வந்தவர்கள் இல்லை. அந்தப் பழம் பாட்டிக்கு வரத்தின் குறி இல்லை. வரமேதான்.

அப்ப கோட்பாடு தோத்துப்போச்சா? எனக்கு அப்படித் தோன்றவில்லை. ஒரே பழம் எனக்குக் குறியாகவும் அவருக்கு வரமாகவும் இருந்தது என்பதைக் கவனிக்க வைத்ததே அந்தக் கோட்பாடுதான். என் தப்பு வேறு. சொசூரின் இரண்டு பக்கங்களை மட்டும் நோட்டில் கோடு போட்டு வைத்திருந்தேன். அதில் பார்க்கிற ஆளுக்கு இடமே இல்லை. குறி என்பது யாரோ ஒருவருக்கு ஏதோ ஒன்றைக் குறிப்பது என்று பெர்ஸ் சொல்லியிருந்தார். அந்த ‘யாரோ ஒருவரை’ நான் விட்டுவிட்டேன்.

கூத்தையோ கோயில் சடங்கையோ ‘இது வெறும் குறியீடு’ என்று யாராவது முடித்துவிடும்போது இந்த இடத்தில்தான் தடுக்க வேண்டியிருக்கிறது. குறியீடுதான், சரி, ஆனா யாருக்கு?

இப்போது நோட்டில் மூன்றாவதாக ஒரு பத்தி போட்டிருக்கிறேன். தலைப்பு: யாருக்கு?