கதவைத் தூக்கும் பயில்வான்

அமெரிக்காவில் ஒரு குளிர்கால விடியற்காலை. வீட்டில் எல்லோரும் போர்வைக்குள் சுருண்டு கிடக்கிறார்கள். திடீரென்று கார் ஷெட்டிலிருந்து துப்பாக்கி வெடித்தாற்போல் 'படீர்' என்று ஒரு சத்தம்! திருடனோ என்று பதறி ஓடிப் பார்க்கிறார் வீட்டுக்காரர். ஷெட்டில் ஒருவரும் இல்லை. கார் வைத்தது வைத்தபடி நிற்கிறது. கதவும் மூடியபடியே இருக்கிறது. ஏதோ பிரமை என்று திரும்பிப் போய்ப் படுத்துவிடுகிறார்.

காலையில் வேலைக்குப் புறப்படும்போதுதான் விஷயம் விளங்குகிறது. பொத்தானை அழுத்தினால் மோட்டார் முனகுகிறது. கதவு நாலு அங்குலம் எழும்பி நின்றுவிடுகிறது. அண்ணாந்து பார்த்தால், கதவுக்கு மேலே இருக்கும் கனத்த ஸ்பிரிங் இரண்டு துண்டாகி, நடுவே இரண்டு அங்குலம் இடைவெளி தெரிகிறது. இத்தனை வருஷமும் அந்தக் கதவைத் தூக்கி வந்த பயில்வான் மோட்டார் அல்ல, இந்த ஸ்பிரிங்தான் என்பது அப்போதுதான் அவருக்குப் புரிகிறது.

அந்த நாட்டில் குடியேறியுள்ள தமிழ்க் குடும்பங்கள் பல. பேரப் பிள்ளைகளைப் பார்க்கப் போகும் தாத்தா பாட்டிமாரும் உண்டு. அங்கே பல வீடுகளில் தலைவாசலைவிடக் கார் ஷெட் கதவின் வழியாகத்தான் போக்குவரத்து அதிகம். ஆகவே அந்தக் கதவின் சூட்சுமத்தை அறிந்து வைத்திருப்பது எல்லோருக்கும் நல்லது.

மேலே போகும் கதவு

ஆதியில் கார் ஷெட்டுகளுக்கு லாயத்துக் கதவைப் போல இரு பக்கமும் திறக்கும் கனத்த கதவுகள்தான் இருந்தன. வாசலில் பனி குவிந்துவிட்டால் அவற்றைத் திறப்பது பெரும்பாடு. 1921-ஆம் ஆண்டில் சி. ஜி. ஜான்சன் என்பவர் மேல்நோக்கித் தூக்கித் திறக்கும் கதவை உருவாக்கினார். 1926-ல் அதை மின்சாரத்தால் திறக்கும் யந்திரத்தையும் செய்தார்.

இந்தக் கதவு ஒரே பலகை அல்ல. குறுக்குவாட்டில் நாலைந்து பலகைகளைக் கீல் போட்டு இணைத்திருப்பார்கள். இரு ஓரங்களிலும் சிறு உருளைகள் தண்டவாளத்துக்குள் ஓடும். தண்டவாளம் செங்குத்தாக ஏறி, மேலே வளைந்து, கூரைக்கு அடியில் படுத்துவிடும். கதவும் அதே வழியில் ஏறி வளைந்து படுத்துக்கொள்ளும்.

இரண்டு கார் நிற்கும் ஷெட்டுக்கு 16 அடி அகலமும் 7 அடி உயரமும் உள்ள கதவு சாதாரணம். அதன் எடை 150 ராத்தல், அதாவது சுமார் 68 கிலோ என்று வைத்துக்கொள்ளலாம். மரக் கதவானால் இன்னும் கூடும். இருந்தும், ஸ்பிரிங் சரியாக இருந்தால் பத்து வயதுப் பையனும் அதைத் தூக்கிவிடுவான். எப்படி?

ஏற்றத்தின் தத்துவம்

கிணற்று ஏற்றத்தில் மிதிப்பவரின் எடை மறுபுறம் இருக்கும் சாலின் எடைக்கு ஈடு கொடுக்கிறது. அதனால் சாலைப் பிடித்திருப்பவருக்குப் பளு தெரிவதில்லை. கார் ஷெட் கதவில் அந்த வேலையை ஸ்பிரிங் செய்கிறது.

கதவுக்கு மேலே சுவரோடு ஒட்டிய நீண்ட இரும்புத் தண்டு ஒன்று இருக்கும். அதன்மேல் ஸ்பிரிங் மாட்டியிருக்கும். ஸ்பிரிங்கின் ஒரு முனை சுவரில் அசையாமல் பொருத்தப்பட்டிருக்கும். மறு முனை தண்டோடு இறுக்கப்பட்டிருக்கும். தண்டின் இரு கோடியிலும் ஒவ்வொரு கப்பி. அதிலிருந்து எஃகுக் கயிறு இறங்கிக் கதவின் அடிமுனையைப் பிடித்திருக்கும். கதவை மூடும்போது கயிறு அவிழ்ந்து, தண்டு சுழன்று, ஸ்பிரிங் முறுக்கேறுகிறது. திறக்கும்போது அந்த முறுக்கு தளர்ந்து கயிற்றைச் சுருட்டிக் கதவை மேலே இழுக்கிறது. வேறு சில வீடுகளில் ஸ்பிரிங்குகள் இரு பக்கத் தண்டவாளங்களின் ஓரமாக நீளவாக்கில் கட்டப்பட்டிருக்கும். அவை முறுக்கேறுவதற்குப் பதிலாக இழுபட்டு நீளும்.

இதில் ஒரு விசேஷம் உண்டு. கதவு ஏற ஏற ஒவ்வொரு பலகையாகத் தண்டவாளத்தின்மேல் படுத்துக்கொள்வதால், தொங்கும் பளு படிப்படியாகக் குறைகிறது. அதே சமயம் முறுக்குத் தளரத் தளர ஸ்பிரிங்கின் பலமும் படிப்படியாகக் குறைகிறது. இழுத்த அளவுக்கே ஸ்பிரிங் எதிர்த்து இழுக்கும் என்ற விதியை ராபர்ட் ஹூக் என்ற ஆங்கில விஞ்ஞானி 1678-ல் வெளியிட்டார். அந்த விதிதான் இங்கே கைகொடுக்கிறது. பளுவும் பலமும் சேர்ந்தே குறைவதால், கதவு எந்த உயரத்திலும் தராசு முள்ளைப் போல் நிதானமாக நிற்கிறது.

ஆயுள் பத்தாயிரம்

சாதாரண ஸ்பிரிங்கின் ஆயுள் சுமார் 10,000 தடவை. ஒரு முறை திறந்து மூடினால் ஒரு தடவை என்று கணக்கு. நாளொன்றுக்கு நாலு தடவையானால் வருஷத்துக்கு 1,460. ஏழு வருஷம் நிறைவதற்குள் ஆயுள் முடிந்துவிடும். வீட்டில் இரண்டு கார் இருந்து, எட்டுத் தடவை திறந்து மூடினால் மூன்றரை வருஷத்துக்குக் கூட வராது. சற்றுக் கூடுதல் விலையில் 20,000 தடவை உழைக்கும் ஸ்பிரிங்கும் கிடைக்கிறது.

ஒரு கம்பியைத் திரும்பத் திரும்ப வளைத்தால் ஒடிந்துவிடுகிறது அல்லவா? அதே களைப்புத்தான் ஸ்பிரிங்குக்கும் வருகிறது. துரு பிடித்தால் அந்த இடத்திலிருந்து விரிசல் ஆரம்பிக்கும். கடுங்குளிரில் எஃகின் நெகிழ்வு குறைவதால், களைத்த ஸ்பிரிங் குளிர்காலத்தில் ஒடிவது அதிகம்.

வீட்டுக்காரர் செய்யக்கூடியது

முதலாவது, எடைச் சோதனை. கதவு முழுவதும் மூடியிருக்கும்போது, மோட்டாரிலிருந்து தொங்கும் சிவப்புக் கைப்பிடியை இழுத்துக் கதவை விடுவிக்க வேண்டும். பிறகு கையால் பாதி உயரம் தூக்கி மெல்லப் பிடியைத் தளர்த்திப் பார்க்க வேண்டும். அப்படியே நின்றால் நலம். கீழே இறங்கினால் ஸ்பிரிங் களைத்துவிட்டது. தானாக மேலே ஓடினால் முறுக்கு அதிகம். கதவு திறந்திருக்கும்போது மட்டும் அந்தக் கைப்பிடியை இழுக்கவே கூடாது. ஸ்பிரிங் பழுதாகியிருந்தால் கதவு முழு வேகத்தில் தலைமேல் வந்து விழும்.

இரண்டாவது, எண்ணெய். வருஷத்துக்கு இரண்டு மூன்று முறை ஸ்பிரிங்கின் சுற்றுகளுக்கும் கீல்களுக்கும் இலேசான எண்ணெய் விட்டால் துருவும் சத்தமும் குறையும். தண்டவாளத்துக்கு எண்ணெய் வேண்டாம், துடைத்தால் போதும். எஃகுக் கயிற்றில் இழை பிரிந்திருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும்.

மூன்றாவது, குழந்தைகளின் பாதுகாப்பு. மோட்டார் கதவின் அடியில் சிக்கிக் குழந்தைகள் மாண்ட துயரங்கள் அந்த நாட்டில் நடந்தன. அதன் விளைவாக, 1993 ஜனவரி முதல் தேதிக்குப் பின் தயாராகும் ஒவ்வொரு மோட்டாரிலும், குறுக்கே ஆள் இருந்தால் கதவு திரும்பி மேலே போகும் ஏற்பாடு இருக்க வேண்டும் என்று அமெரிக்கச் சட்டம் வந்தது. ஒன்றரை அங்குலக் கனமுள்ள மரத்துண்டைத் தரையில் படுக்கையாக வைத்துக் கதவை மூடிப் பார்க்கலாம். மரத்தைத் தொட்டதும் கதவு மேலே திரும்ப வேண்டும். திரும்பாவிட்டால் பழுது பார்க்கும் வரை அந்த மோட்டாரை உபயோகிக்கக் கூடாது.

கை வைக்கக் கூடாதது

முறுக்கேறிய ஸ்பிரிங்கை அவிழ்ப்பதும் மாட்டுவதும் வீட்டுக்காரர் வேலை அல்ல. 150 ராத்தல் கதவை மூடியபின், 68 கிலோ பாரத்தை ஒரு மீட்டர் உயர்த்தும் சக்தி அதற்குள் அடங்கிக் கிடக்கிறது. ஏழடிக் கதவுக்குச் சுமார் ஏழரைச் சுற்று முறுக்க வேண்டும். அதையும் கால் சுற்றுக் கால் சுற்றாக, முப்பது தடவை, அதற்கென்றே உள்ள இரும்புக் கோல்களால் முறுக்குவார்கள். கோலுக்குப் பதில் திருப்புளியைச் செருகிப் பார்த்து, அது நழுவித் தெறித்ததால் விரலும் பல்லும் போனவர்கள் உண்டு. கதவின் அடிமுனையில் கயிற்றைப் பிடித்திருக்கும் தகட்டின் திருகாணியும் அதே அபாயம் உடையது.

இழுபடும் ரக ஸ்பிரிங்காக இருந்தால், அதன் நடுவே ஒரு பாதுகாப்புக் கம்பி ஓட வேண்டும். அது இல்லையேல் ஸ்பிரிங் ஒடியும்போது சவுக்கைப் போல் பறக்கும். ஒன்று ஒடிந்தால் இரண்டையும் சேர்த்தே மாற்றுவது உத்தமம்; மற்றதும் அதே வயதுதானே! ஒடிந்த பின் மோட்டாரை ஓட்டிப் பார்ப்பது மோட்டாரையும் சேர்த்துக் கெடுக்கும். அன்று ஒரு நாள் பஸ்ஸிலோ நண்பரின் காரிலோ போவது எவ்வளவோ மேல்.

தமிழ்நாட்டுக் கடைத்தெருவிலும் இவனுடைய தம்பியைக் காணலாம். கடை ஷட்டரின் மேல் உருளைக்குள்ளும் ஸ்பிரிங்தான் இருக்கிறது. புதிதில் ஒற்றைக் கையால் ஏறிய ஷட்டரை இன்று இரண்டு பேர் தம் பிடித்துத் தூக்க வேண்டியிருந்தால், அது ஸ்பிரிங் களைத்துவிட்டதன் அடையாளமாக இருக்கலாம். கடைப்பையனின் தோள்பலத்தை நம்பி நாளைக் கடத்தாமல், ஷட்டர் வேலை தெரிந்தவரை அழைப்பதே புத்திசாலித்தனம். பாதி ஏறிய ஷட்டருக்கு அடியில் குனிந்து நுழைபவரும் அந்தப் பையன்தானே!