டியூபுக்குள் ஒரு வேப்பமரம்!

கிண்டியிலிருந்து பைக்கில் மவுண்ட் ரோடு ஆபீஸுக்கு வந்து சேர்கிற இளைஞர், வெள்ளைக் கர்ச்சீப்பால் முகத்தைத் துடைத்துப் பார்க்கட்டும். கர்ச்சீப் கார்பன் பேப்பராகிவிடும்! புகை, தூசு, வியர்வை, போதாததற்குத் தோலே சுரக்கிற எண்ணெய். இதைக் கழுவத்தான் கடைக்குக் கடை பச்சை ஜெல். வேம்பு, துளசி, சோற்றுக்கற்றாழை என்று டியூபில் ஒரு மூலிகைத் தோட்டமே இருக்கிறது.

ஒன்றை வாங்கி, மூன்று வாரம் காலையும் மாலையும் போட்டுப் பார்த்தேன். "என்ன சார், பொண்ணு பார்க்கப் போறீங்களா?" என்றார் பக்கத்து சீட்காரர்.

பலன்? சோப்புப் போட்டால் கன்னம் அப்பளமாக இழுக்குமே, அது இல்லை. காரணம் இருக்கிறது. தோல் லேசான அமிலத்தன்மை உள்ளது, பி.ஹெச். கணக்கில் சுமார் 5. சாதாரண சோப்போ காரம்; 9, 10 என்று நிற்கும். ஜெல்லைத் தோலின் அளவுக்கு ஒட்டியே தயாரிக்கலாம்.

அதற்காக வேம்புக்கு மாலை போட்டுவிடாதீர்கள்! டியூபைத் திருப்பி, பேலன்ஸ் ஷீட் மாதிரி நிதானமாகப் படியுங்கள். 1 சதவீதத்துக்கு மேல் சேர்ந்த சரக்குகளை, அளவில் பெரியதிலிருந்து சிறியதாக வரிசைப்படுத்தி அச்சிட வேண்டும் என்பது நம் நாட்டு விதி. என் டியூபில் முதலில் தண்ணீர், அடுத்து நுரைக்கும் பொருள். வேம்பு கடைசி பெஞ்ச்!

'செடியிலிருந்து எடுத்தது' என்பதும் மென்மைக்கு சர்டிபிகேட் அல்ல. தேங்காய் எண்ணெயிலிருந்து மென்மையான கோகோ குளுக்கோசைடும் செய்யலாம். சிலருக்கு எரிச்சல் தருகிற சோடியம் லாரில் சல்பேட்டும் செய்யலாம். மூலம் ஒன்று, குணம் வேறு.

பட்டாணி அளவு ஜெல், ஈர முகம், விரல் நுனி, ஒரு நாளைக்கு இரண்டு தடவை. அவ்வளவு போதும். தேய் தேயென்று தேய்த்தால் பரு இன்னும் சிவக்கும். வலிக்கிற பரு, குழி விழுகிற பரு என்றால் அடுத்த டியூபுக்கு அலையாமல் தோல் டாக்டரிடம் போய்விடுங்கள். தழும்பு விழுந்த பிறகு போனால் செலவு அதிகம்.

"கலர் ஆவேனா சார்?" என்று கேட்கிற தம்பிகளுக்கு ஒரு வார்த்தை. அரை நிமிஷம் முகத்தில் இருந்துவிட்டு வாஷ்பேசினில் போகிற சமாச்சாரம் இது. அழுக்கு போகும்; அம்மா அப்பா கொடுத்த நிறம் போகாது. போகவும் வேண்டாம்!